இரும்பு நகரின் இசைத்தட்டுகள்

இசைத்தட்டு என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மில் மூத்தோர்க்குத் திருமண மண்டபமும், கூம்பு ஒலிபெருக்கியும், சுழலும் கறுப்புத் தட்டின்மேல் ஊசியை மெல்ல இறக்கிவைக்கும் விரல்களும் நினைவுக்கு வரும். இளையோர்க்கோ அஃது ஒரு பழம்பொருள். ஒலிநாடாவும் குறுந்தட்டும் இணையமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதனை அறவே ஒதுக்கிவிட்டன என்றே பலரும் எண்ணினர். ஆயினும் 2022ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வினைல் இசைத்தட்டுகள் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் விற்பனையாயின. குறுந்தட்டுகளோ 3 கோடியே 30 இலட்சமே விற்றன. எண்ணிக்கையில் கறுப்புத் தட்டு குறுந்தட்டை முந்தியது 1987க்குப் பின்னர் அதுவே முதன்முறையாகும்.

வழக்கொழிந்ததாகக் கருதப்பட்ட ஒரு பொருள் மீண்டும் உயிர்த்தெழுந்தது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ‘ஹெவி மெட்டல்’ எனப்படும் இசைவகை, அதாவது ‘கன உலோகம்’ எனப் பெயர் பெற்ற முழக்க இசை, தோன்றிய காலத்தில் கற்றோரால் ஏளனம் செய்யப்பட்டது. அதனைப் போற்றிக் காக்கப் பல்கலைக்கழகம் முன்வரவில்லை, அரசு முன்வரவில்லை, நூலகம் முன்வரவில்லை. அதனைக் காத்தவர்கள் அதன் சுவைஞர்களே. அவர்கள் தட்டுகளைத் தேடினர், சேர்த்தனர், ஒப்பிட்டனர், பிறர்க்கு எடுத்துரைத்தனர். காத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அச்சேகரிப்பிலிருந்தே அடுத்த தலைமுறையின் இசையையும் படைத்தனர். இவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஆலையில் பிறந்த ஓசை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைந்த பர்மிங்ஹாம், தொழிலாளர் நகரம். ஆயிரம் தொழில்களின் நகரம் என்று அதனைப் போற்றுவது வழக்கம். உலோகத்தை உருக்குவதும் வார்ப்பதும் அடிப்பதும் அறுப்பதுமே அந்நகர மக்களின் வாழ்வாக இருந்தன. இரண்டாம் உலகப் போரில் செருமானிய விமானங்கள் அந்நகரின்மீது குண்டுமாரி பொழிந்தன. போர் முடிந்த பின்னர்ப் பிறந்த குழந்தைகள் இடிபாடுகளுக்கிடையே விளையாடி வளர்ந்தனர். ஆலைச் சம்மட்டியின் ஓசையே அவர்கள் கேட்ட தாலாட்டு எனலாம்.

1948, 1949ஆம் ஆண்டுகளில் பிறந்து, அந்நகரின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த நால்வர் 1968இல் ஓர் இசைக்குழுவாக ஒன்றுசேர்ந்தனர். கித்தார் இசைத்தவர் டோனி அயோமி. பாடியவர் ஆஸி ஆஸ்போர்ன். பேஸ் கித்தார் இசைத்துப் பாடல்களையும் பெரும்பாலும் எழுதியவர் கீசர் பட்லர். முரசு முழக்கியவர் பில் வார்டு. இவர்களே பின்னாளில் ‘பிளாக் சப்பாத்’ என்னும் பெயரால் உலகப் புகழ் எய்தினர்.

அயோமியின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு துன்பம் ஈண்டு நோக்கத்தக்கது. அவர் 17 வயது இளைஞராக உலோகத் தகடு ஆலையொன்றில் வேலை செய்துவந்தார். இசைக்குழுவில் முழுநேரமும் ஈடுபடக் கருதி அவ்வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, பழக்கமில்லாத ஓர் எந்திரத்தில் அவர் கை சிக்கியது. வலக்கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலால் கித்தாரின் தந்திகளை அழுத்த வேண்டியவை அவ்விரல்களே. இனி இசைக்க இயலாது என்று மருத்துவர் கூறினர். இளைஞர் மனமுடைந்து வீட்டில் முடங்கினார்.

அந்நிலையில் அவ்வாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டுடன் அவரைக் காண வந்தார். கேட்க விருப்பமில்லாதிருந்த இளைஞரை வற்புறுத்திக் கேட்கச் செய்தார். கேட்டு முடித்த பின்னரே, அத்தட்டில் கித்தார் இசைத்தவர் இரண்டு விரல்களின் இயக்கத்தை இழந்தவர் என்னும் உண்மையைக் கூறினார். அக்கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தம் வண்டி வீடு தீப்பற்றியதால் இடக்கை கருகி, எஞ்சிய விரல்களாலேயே புதுமுறை கண்டு ஐரோப்பிய ஜாஸ் இசையில் முதன்மை பெற்றவர் அவர்.

அயோமி மனம் தேறினார். வீட்டிலிருந்த பாத்திரம் கழுவும் நீர்மத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல்நுனிக்கு உறைகள் செய்தார். அவற்றின்மேல் தோல் ஒட்டினார். தந்திகள் விரலுக்கு வலி தாராதிருக்க மெல்லியவற்றைப் பூட்டினார். நாளடைவில் தந்திகளின் இறுக்கத்தைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். 1971இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின் சில பாடல்களில் வழக்கமான சுருதியினும் மூன்று அரைச்சுரம் தாழ்ந்த கித்தாரைக் கேட்கலாம். கனத்த, இருண்ட, நிலம் அதிர்வது போன்ற அவ்வொலி பின்வந்தோர் அனைவர்க்கும் இலக்கணமாயிற்று. ஊனத்தை ஈடுசெய்யக் கண்ட வழியே ஓர் இசைவகையின் அடையாளமாகிவிட்டது. அவ்வழிக்கு அவரைத் திருப்பியது ஓர் இசைத்தட்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

முதல் தட்டு

1969ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நால்வரும் இலண்டன் சென்று, ரோட்ஜர் பெய்ன் என்பாரின் மேற்பார்வையில் தம் முதல் தொகுப்பை ஒரே நாளில் பதிவு செய்தனர். மேடையில் எவ்வாறு இசைப்பரோ அவ்வாறே இசைத்தனர். ஒப்பனை சேர்க்க நேரமும் இல்லை, பொருளும் இல்லை. அத்தொகுப்பு 1970 பிப்ரவரி 13ஆம் நாள், வெள்ளிக்கிழமையன்று வெளிவந்தது. பதின்மூன்றாம் நாள் வெள்ளியாக அமைவதை மேனாட்டார் தீய நாளாகக் கருதுவர். அந்த அச்சமும் விற்பனைக்கு உதவியது.

அதனை வெளியிட்டது ‘வெர்ட்டிகோ’ என்னும் நிறுவனம். அந்நிறுவனத் தட்டுகளின் நடுவில் கறுப்பும் வெள்ளையுமான சுருள்வட்டம் அச்சிடப்பட்டிருக்கும். தட்டு சுழலத் தொடங்கியதும் காண்போர் பார்வை அச்சுழலுக்குள் ஈர்க்கப்படும். ‘வெர்ட்டிகோ’ என்னும் சொல்லின் பொருளே தலைசுற்றல் அன்றோ? அந்நிறுவனம் 1973இல் அவ்வடிவத்தைக் கைவிட்டது. எனவே சுருள்வட்டம் உடைய தட்டு, பார்த்தவுடனே தன் காலத்தைக் கூறிவிடும். மேலுறையில் ஆக்ஸ்போர்டுஷயர் வட்டத்திலுள்ள மேப்பிள்டர்ஹம் நீராலையின் முன்னே கரிய ஆடையணிந்த பெண்ணொருத்தி நிற்கின்றாள். ஒளிப்படம் எடுத்தவர் கீத் மக்மில்லன். பன்னிரண்டு அங்குலச் சதுரத்தில் அப்படத்தைக் கையில் ஏந்திப் பார்ப்போர்க்கு, ஊசி தட்டைத் தொடும் முன்னரே இசை தொடங்கிவிடுகிறது.

திறனாய்வாளர் பலர் இக்குழுவை இகழ்ந்தனர். ஆரவாரம் என்றனர், அறியாமை என்றனர். ஆனால் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அத்தொகுப்பு எட்டாம் இடம் பெற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த ‘பேரனாய்டு’ என்னும் இரண்டாம் தொகுப்பு முதலிடமே பெற்றது. போரை மூட்டிவிட்டு ஏழைகளைக் களத்திற்கு அனுப்பும் ஆட்சியாளரைச் சாடும் ‘வார் பிக்ஸ்’ என்னும் பாடல் அதில் இடம்பெற்றுள்ளது. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகள், தம் நிலையைத் தம் மொழியில் உரைக்கும் குரலை இத்தட்டுகளில் கேட்டனர்.

தட்டின் இயல்பு

இவ்விசைக்கும் தட்டிற்கும் உள்ள உறவை அறிய, தட்டு இயங்கும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம். நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நீள்நேரத் தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948இல் அறிமுகம் செய்தது. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் வெளிவிளிம்பிலிருந்து நடுப்பகுதி நோக்கி ஒரே ஒரு நுண்பள்ளம் சுருளாகச் செல்கிறது. ஒலியலையின் வடிவமே அப்பள்ளத்தின் வளைவுகளாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஊசி அவ்வளைவுகளில் அசைந்தாடி மின்னலைகளை எழுப்புகிறது.

தாழ்ந்த சுருதியும் உரத்த முழக்கமும் பள்ளத்தைப் பெரிதும் வளைக்கும். வளைவு பெரிதாயின் அடுத்த சுற்றுக்கு இடம் குறையும். எனவே பொறிக்கும்போது தாழ்ந்த ஒலிகளை அடக்கிப் பொறித்து, கேட்கும்போது ஒலிபெருக்கியில் மீண்டும் உயர்த்துவர். 1950களின் நடுப்பகுதியில் இம்முறை பொது அளவுகோலாக நிலைபெற்றது. அங்ஙனம் செய்தும், ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு மேல் திணித்தால் ஒலி நலியத் தொடங்கும். அன்றியும், பள்ளம் நடுப்பகுதியை நெருங்க நெருங்க, ஒரு சுற்றின் நீளம் குறைவதால் கூரிய ஒலிகள் தெளிவிழக்கும். ஆகவே எப்பாடல் முதலில், எது கடைசியில் என்னும் வரிசை, கலைஞர் விருப்பத்தோடு பொருளின் இயல்பையும் சார்ந்தது. 40 நிமிடங்களில், இரண்டு பக்கங்களில், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும் கட்டுப்பாட்டைத் தட்டு இவர்கட்குக் கற்பித்தது.

பள்ளம் முடிந்து நடுத்தாள் தொடங்கும் இடைவெளியில் சிறு எண்களும் எழுத்துகளும் கீறப்பட்டிருக்கும். அவை அச்சின் வரிசையையும், சில வேளைகளில் பொறித்தவர் பெயரையும் காட்டும். ஜார்ஜ் பெக்கம் என்னும் ஆங்கிலேயப் பொறிப்பாளர் தாம் பொறித்தவற்றில் ‘போர்க்கி’ என்னும் தம் செல்லப்பெயரைக் கீறிவைப்பது வழக்கம். சேகரிப்பாளர் தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து இவற்றைப் படிப்பர். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியரின் உழைப்பை அறிந்த நமக்கு, இவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

ஆயிரம் படிகள்

1970களின் பிற்பகுதியில் பிரித்தானிய இரும்புத் தொழில் தளர்ந்தது. பர்மிங்ஹாமை அடுத்த பில்ஸ்டன் நகரின் இரும்பாலை 1979இல் மூடப்பட்டது. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடு தழுவிய எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூன்று திங்கள் நீடித்தது. அவ்வேலைநிறுத்தம் முடிந்த ஏப்ரல் திங்களிலேயே, அதே வட்டாரத்துக் குழுவான ‘ஜூடாஸ் பிரீஸ்ட்’ தன் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. உறையில் சவர அலகொன்றை ஒரு கை இறுகப் பற்றியிருக்கும். ஒலிவிளைவுகளைப் பொறுக்கி எடுக்கும் கருவிகள் பரவாத அக்காலத்தில், பால் புட்டிகளை உடைத்தும் கரண்டித் தட்டைக் குலுக்கியும் அவர்கள் ஓசைகளை உண்டாக்கினர்.

இதே காலத்தில் நாடெங்கும் இளைஞர் குழுக்கள் பல தோன்றின. ‘சவுண்ட்ஸ்’ என்னும் வார இதழ் 1979 மே திங்களில் இவ்வெழுச்சிக்கு ‘பிரித்தானிய ஹெவி மெட்டலின் புதிய அலை’ எனப் பெயர் சூட்டியது. பெரிய நிறுவனங்கள் கதவைத் திறக்குமென இவ்விளைஞர்கள் காத்திருக்கவில்லை. பங்க் இசைக் குழுக்கள் காட்டிய வழியில், சொந்தச் செலவிலேயே தட்டு வார்த்தனர்.

செஃபீல்டு நகரத்து ‘டெஃப் லெப்பர்ட்’ குழு 1979 சனவரியில் தன் முதல் சிறுதட்டை ஆயிரம் படிகள் வெளியிட்டது. கிழக்கு இலண்டனைச் சேர்ந்த ‘அயன் மெய்டன்’ குழு 1978இன் கடைசி நாள்களில் கேம்பிரிட்ஜில் பதிவு செய்த பாடல்களை, ‘சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’ என்னும் பெயரில் 1979 நவம்பரில் 5,000 படிகள் வெளியிட்டது. அவை கடைகளுக்குச் செல்லவில்லை. அஞ்சல் வழியே நேராகச் சுவைஞர் கைகளுக்குச் சென்றன. ஸ்டவர்பிரிட்ஜ் நகரத்து ‘டயமண்ட் ஹெட்’ குழுவோ, 1980இல் தன் முதல் தொகுப்பை வெற்று வெள்ளை உறையில் ஆயிரம் படிகள் வெளியிட்டது. உறையில் பெயரில்லை, படமில்லை. குழுவினருள் ஒருவரின் கையொப்பம் மட்டுமே இருந்தது. நிகழ்ச்சிகளிலும் இதழ் விளம்பரத்தின் வழியும் அதனை விற்றனர்.

ஆயிரம் என்பது இசை வாணிகத்தில் மிகச் சிறிய தொகை. அத்துணைச் சிறிய பதிப்பு, எவரும் போற்றாவிடின், சில ஆண்டுகளில் சுவடின்றி மறைந்துவிடும். ‘டயமண்ட் ஹெட்’ தொகுப்பின் மூல ஒலிநாடாவும் செருமனியிலுள்ள ஒரு வெளியீட்டாளர்க்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வராமலே போயிற்று. அந்நிலையில் அவ்விசை நிலைத்து வாழ்ந்தது அச்சிலிருந்த தட்டுகளில் மட்டுமே.

சேகரித்தவர் படைத்தனர்

இங்கிலாந்தில் ஆயிரம் படிகளே வெளிவந்த அத்தட்டு கடல்கடந்து கலிபோர்னியாவை அடைந்தது. அங்கு அதனை அஞ்சலில் வரவழைத்தவர் லார்ஸ் அல்ரிக் என்னும் டென்மார்க்கு நாட்டு இளைஞர். டென்னிஸ் ஆட்டக்காரரின் மகனான அவர் 1980இல் குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திற்குக் குடிபெயர்ந்திருந்தார். அக்கம்பக்கத்தார் எவரும் அறியாத பிரித்தானியத் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1981ஆம் ஆண்டுக் கோடையில், தம் உள்ளங்கவர்ந்த குழுவைக் காண வேண்டும் என்னும் ஆவலால் இங்கிலாந்துக்கே சென்று, ‘டயமண்ட் ஹெட்’ குழுவினரின் வீட்டிலேயே விருந்தினராகத் தங்கினார். திரும்பி வந்து, அவ்வாண்டு அக்டோபரில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு என்பாருடன் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார். அதுவே ‘மெட்டாலிக்கா’.

அக்குழுவின் முதல் பாடலைத் தட்டில் ஏற்றியவரும் ஒரு சேகரிப்பாளரே. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இசைத்தட்டுக் கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே சிறு இதழ் ஒன்றையும் நடத்திவந்த பிரையன் ஸ்லேகல், உள்ளூர்க் குழுக்களின் பாடல்களைத் திரட்டி ‘மெட்டல் மசாக்கர்’ என்னும் தொகுப்பை 1982இல் வெளியிட்டார். முதற்பதிப்பின் உறையில் ‘மெட்டாலிக்கா’ என்னும் பெயரே எழுத்துப் பிழையோடு அச்சாயிற்று! இன்று அப்பிழையே முதற்பதிப்பின் அடையாளம். அவர் தொடங்கிய ‘மெட்டல் பிளேடு’ நிறுவனம் பின்னர்ப் பல குழுக்களை வளர்த்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சியின் சந்தையொன்றில் தட்டுக்கடை வைத்திருந்த ஜான் சசூலா, ‘மெட்டாலிக்கா’வின் ஒலிநாடாவைக் கேட்டு வியந்து, அவர்களை அழைத்து வந்து ஒரு நிறுவனத்தையே தொடங்கி, 1983 சூலையில் அவர்களின் முதல் தொகுப்பை வெளியிட்டார். பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசோன்ட்டே நகரில் ‘கோகுமேலோ’ என்னும் தட்டுக்கடையும் இவ்வாறே நிறுவனமாக வளர்ந்து, 1985இல் ‘செபுல்ட்டூரா’ குழுவின் முதல் பதிவை வெளியிட்டது.

இந்நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவ்விசையில் கேட்போர், சேர்ப்போர், விற்போர், படைப்போர் என்னும் வேலிகள் இருந்ததில்லை. ஒருவரே காலத்திற்கேற்ப ஒவ்வொன்றாக ஆயினர். 1990இல், ‘புதிய அலை’ எழுந்து பத்தாண்டுகள் கழிந்தபோது, உலகப் புகழ் பெற்றுவிட்ட அல்ரிக், ‘சவுண்ட்ஸ்’ இதழில் அவ்வலையைப் பற்றி எழுதிய ஜெஃப் பார்ட்டனோடு சேர்ந்து, மறக்கப்பட்ட அக்குழுக்களின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். காணாமற்போன ‘டயமண்ட் ஹெட்’டின் மூல ஒலிநாடா தேடிக் கண்டெடுக்கப்பட்டதும் அப்பணியின்போதுதான். அஞ்சலில் ஒரு தட்டு வாங்கிய இளைஞன், அத்தட்டைப் படைத்தவர்க்குத் தன் கடனைத் திருப்பிச் செலுத்திவிட்டான்.

குற்றக் கூண்டில் ஒரு தட்டு

இவ்விசை ஏளனத்தை மட்டுமன்றிப் பழியையும் சுமந்தது. 1985இல் அமெரிக்க மேலவை இசைத்தட்டுகளின் ஒழுக்கக்கேடு பற்றி விசாரணை நடத்தியது. பெற்றோரை எச்சரிக்கும் ஒட்டுச்சீட்டுகள் உறைகளில் இடம்பெறலாயின. 1990இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகர நீதிமன்றத்தில் ‘ஜூடாஸ் பிரீஸ்ட்’ குழுவினர் நிறுத்தப்பட்டனர். ஐந்தாண்டுகட்கு முன்னர் இளைஞர் இருவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட துயர நிகழ்ச்சிக்கு, 1978இல் வெளிவந்த தட்டொன்றில் மறைந்திருந்த சொற்களே காரணம் என்பது வழக்கு. நீதிமன்றத்தில் தட்டு ஒலிக்கப்பட்டது, பின்னோக்கியும் ஒலிக்கப்பட்டது. முடிவில் நீதிபதி குழுவினர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். பெற்றோரின் துயரம் உண்மையானது. அதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் இளைஞரின் வறுமையையும் வேலையின்மையையும் தனிமையையும் ஆராயாமல், அவர்கள் கேட்ட பாட்டின்மேல் பழியைச் சுமத்துவது எளிது என்பதையும் அவ்வழக்கு உணர்த்தியது.

நம் பகுதியிலும் இத்தகைய ஐயம் இருந்தது. 1972இல் ‘லெட் செப்பலின்’ என்னும் புகழ்பெற்ற குழு சிங்கப்பூருக்கு வந்தபோது, நீண்ட தலைமுடி காரணமாக நாட்டிற்குள் நுழைய இசைவு பெறவில்லை. கலைஞர் நுழைய இயலாத இடத்திலும் அவர்தம் தட்டு நுழைந்தது. இருபது ஆண்டுகட்குப் பின், 1992இல், இந்திய வழித்தோன்றல்களைக் கொண்ட ‘ருத்ரா’ என்னும் மெட்டல் குழு சிங்கப்பூரிலேயே தோன்றியது. வேதாந்தக் கருத்துகளையும் வடமொழி மந்திரங்களையும் இம்முழக்க இசையோடு இணைத்து, ‘பிரம்மவித்யா’ என்னும் மூன்று தொகுப்புகளை 2005, 2009, 2011ஆம் ஆண்டுகளில் அக்குழு வெளியிட்டது. பர்மிங்ஹாம் ஆலையில் எழுந்த ஓசை, பல்லாயிரம் கல் தொலைவில் தனக்கொரு புதிய பொருளைக் கண்டுகொண்டது.

தேய்வும் வளர்ச்சியும்

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, பத்தாண்டுகட்குள் கறுப்புத் தட்டைப் பெருங்கடைகளிலிருந்து வெளியேற்றியது. தட்டு வார்க்கும் ஆலைகள் மூடப்பட்டன. எந்திரங்கள் பழைய இரும்பாயின. வீடுகளில் தட்டுகள் குப்பையோடு குப்பையாக எறியப்பட்டன. அக்காலத்தில் பழைய பொருட்கடைகளிலும் தெருச்சந்தைகளிலும் குனிந்து தேடியவர்களாலேயே சிறு பதிப்புகள் பல பிழைத்தன.

2008இல் சிறு இசைத்தட்டுக் கடைகளைக் காக்கும்பொருட்டு ‘ரெக்கார்டு ஸ்டோர் டே’ என்னும் தட்டுக்கடைத் திருநாள் அமெரிக்காவில் தொடங்கியது. அதனைத் தொடங்கிவைக்கக் கலிபோர்னியக் கடையொன்றுக்கு வந்தவர்கள் ‘மெட்டாலிக்கா’ குழுவினர். 2023இல் அதே குழு, வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ‘ஃபர்னஸ்’ என்னும் தட்டு வார்க்கும் ஆலையின் பெரும்பங்கை விலைக்கு வாங்கியது. அந்த ஆலையின் பெயருக்கு ‘உலை’ என்று பொருள். இரும்பு உலைகளின் நிழலில் பிறந்த இசைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்க்குமோ?

எனினும் இம்மீட்சி உறுதியானது என்று கூறிவிட முடியாது. பொறிப்பதற்கு வேண்டிய அரக்குப் பூச்சுத் தட்டுகளைச் செய்யும் ஆலைகள் உலகில் இரண்டே இருந்தன. அவற்றுள் கலிபோர்னியாவில் இருந்தது 2020 பிப்ரவரியில் தீக்கிரையாயிற்று. அன்றியும், சேகரிப்பிலும் குறைகள் உண்டு. அரிய முதற்பதிப்புகளின் விலை ஏறியதும் போலிகள் பெருகின; ‘சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’ தட்டின் போலிகள் பல இன்றும் உலவுகின்றன. உறையைப் பிரியாமல், ஒருமுறையும் ஒலிக்கவிடாமல், பொன்னைப் போலப் பூட்டிவைப்போரும் உளர். கேளாத தட்டு படியாத நூலை ஒக்கும். இசையைச் சேர்ப்பது வேறு. பொருளைச் சேர்ப்பது வேறு. அஞ்சலில் வந்த தட்டை நண்பர்க்கெல்லாம் போட்டுக் காட்டிய அந்த இளைஞர்களே இக்கலையை வளர்த்தவர்கள்.

சுவைஞரின் காவல்

பர்மிங்ஹாம் நகரம் நெடுங்காலம் தன் பிள்ளைகளின் இசையைப் பெரிதாகப் பாராட்டவில்லை. ‘ஹோம் ஆஃப் மெட்டல்’ என்னும் முயற்சி தொடங்கியபோது, வரலாற்றுப் பொருள்கள் எங்கே என்னும் வினா எழுந்தது. அவை சுவைஞரின் வீடுகளில் இருந்தன. தட்டுகள், நுழைவுச் சீட்டுகள், ஒளிப்படங்கள், தைத்த சட்டைகள் ஆகியவற்றைப் பொதுமக்கள் எடுத்துவந்து கொடுத்தனர். அங்ஙனம் திரண்ட செல்வத்தின் துணையோடு, 2019இல் நகர அருங்காட்சியகத்தில் ‘பிளாக் சப்பாத்’ குழுவின் ஐம்பதாண்டுக் கண்காட்சி நடைபெற்றது. 2023இல் அந்நகரத்து அரச பாலே நாட்டியக் குழு அவ்விசைக்கே நாட்டியம் அமைத்து அரங்கேற்றியது.

2025 சூலை 5ஆம் நாள், ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் காற்பந்து அரங்கில், முதற்குழுவினர் நால்வரும் கடைசி முறையாக ஒன்றுகூடி இசைத்தனர். நடுக்க நோயால் நிற்க இயலாத ஆஸ்போர்ன் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தே பாடினார். அவர் வளர்ந்த தெரு அவ்வரங்கிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள்ளது. பதினேழு நாள்கள் கழித்து, சூலை 22இல், தம் 76ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் உடல் தாங்கிய ஊர்தி பிராடு தெரு வழியே சென்றபோது, குழுவின் பெயர் தாங்கிய பாலத்தருகே ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்று கண்ணீர் வடித்தனர்.

பில்ஸ்டன் உலை இன்று இல்லை. ஸ்டவர்பிரிட்ஜுக்கு அருகிலிருந்த ரவுண்டு ஓக் எஃகாலையும் 1982இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவ்வுலைகளின் அருகே வாழ்ந்த மக்களின் சினமும் ஏக்கமும் நகையும் நம்பிக்கையும் கறுப்புத் தட்டின் நுண்பள்ளங்களில் இன்றும் உள்ளன. ஓர் ஊசியை இறக்கிவைத்தால் 1969ஆம் ஆண்டின் அந்த ஒரு நாள் மீண்டும் ஒலிக்கிறது.

மாணவர்களே, இவ்விசை உங்கள் செவிக்கு இனிக்கலாம், இனிக்காமலும் போகலாம். அது பெரிதன்று. ஆயிரம் படிகளே வெளிவந்த ஒரு வெள்ளை உறைத் தட்டை, மதிப்பார் எவரும் இல்லாத காலத்தில் காத்து வைத்தவர்களை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். நம் பாட்டன் வீட்டுப் பெட்டியிலும், பள்ளி நூலகத்தின் கடைசி அடுக்கிலும், சில நூறு படிகளே அச்சான நம்மவர் நூல்களும் இதழ்களும் தூசு படிந்து கிடத்தல் கூடும். அவற்றைக் காக்கப் பெரிய நிறுவனம் ஒன்று வரும் எனக் காத்திராமல், இன்றே ஒன்றை எடுத்துத் துடைத்துப் படித்து, நண்பர் ஒருவர்க்கும் படிக்கக் கொடுங்கள்.